கொரியாவின் 109: டர்பன் பெற்றோருக்காக ஒரு மதிப்பீடு

பட்டம் முடித்த கையோடு ஆங்கிலம் கற்றுத்தரக் தென் கொரியாவுக்குப் போகும் பிள்ளைகள் நம் டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் உண்டு. அந்த ஈ-2 ஆசிரியர் விசா ஆங்கிலம் பேசும் 7 நாட்டவருக்குத்தான். தென்னாப்பிரிக்கா அதில் ஒன்று. சம்பளம் எவ்வளவு, வீடு தருவார்களா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றெல்லாம் வீட்டில் விசாரித்துவிடுகிறோம். மனசு தாங்காமல் போனால் அங்கே யாரைக் கூப்பிடுவது என்று கேட்க மட்டும் வாய் வருவதில்லை. கொரிய அரசு அதற்கென்றே வைத்திருக்கும் எண் 109.

2024 ஜனவரி 1-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அழைப்புச் சேவை இது. அதற்கு முன் 1393 உட்படப் பல எண்கள் சிதறிக் கிடந்தன; தத்தளிக்கிறவருக்கு எது நினைவில் நிற்கும்? எல்லாவற்றையும் மூன்று இலக்கத்தில் அடக்கியது நல்ல வேலை. எண்ணிலேயே பொருளும் வைத்தார்கள்: 1 ஓர் உயிர், 0 தற்கொலை இல்லாத நிலை, 9-க்குக் கொரிய மொழியில் 'கு' என்று பெயர், 'காப்பாற்று' என்பதற்கும் அதே ஒலி. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு. வாய்விட்டுப் பேச முடியாதவர்களுக்கு 2024 செப்டம்பரிலிருந்து குறுஞ்செய்தி வழி ஆலோசனையும் வந்துவிட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அழைத்தவர் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து ஆள் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது.

இவ்வளவு ஏற்பாடு ஏன்? 2024-இல் அந்த நாட்டில் 14,872 பேர் தற்கொலையால் இறந்தார்கள், லட்சத்துக்கு 29.1. ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பில் இதுதான் மிக அதிகம். காரணம் ஒன்றல்ல. நவம்பரில் வரும் சுநுங் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும்போது விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் நிறுத்திவைப்பார்கள். அத்தனை கனம் ஒரே நாள்மேல். சியோலில் ஹாக்வொன் என்ற தனிப்பயிற்சிப் பள்ளிகள் இரவு 10 மணிக்குள் மூடியாக வேண்டும் என்று விதி போட வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் செமியொன், அதாவது ஊர் முன் முகம். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்பதற்கு இதைவிட நெருங்கிய கொரியச் சொல் இல்லை. முதியவர்கள் நிலை இன்னும் மோசம். இளையவர்களைவிட அவர்களிடையேதான் விகிதம் அதிகம்.

இனி குறைகள். முதலாவது, மொழி. 109 கொரியர்களுக்காகக் கட்டியது, கொரிய மொழியில் நடப்பது. டர்பன் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை நடு இரவில் அழைத்தால் முதல் நிமிடமே முட்டுச்சுவர். பிபிபி கொரியா என்ற தன்னார்வ மொழிபெயர்ப்புச் சேவை (1588-5644) இதற்குத் துணை. ஆங்கிலம் உண்டு, இலவசம். அரசுப் பள்ளிக்குப் போகிறவருக்கு உடன் கற்பிக்கும் கொரியத் துணை ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரை வைத்து 109-ஐ அழைப்பதுதான் நடக்கக்கூடிய வழி. ஹாக்வொனில் சேர்கிறவருக்கு அந்த ஆள் இல்லாமலும் போகலாம். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, அவசரத்தில் யாரை அழைக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஆள் பற்றாக்குறை. அழைப்புகள் பெருகியும் எடுக்கப் போதிய ஆள் இல்லை என்ற குறை அங்கேயே எழுந்தது. முதல் அழைப்பை யாரும் எடுக்காவிட்டால் மறுபடி அழைக்க வேண்டும். ஆபத்து கண்முன் இருந்தால் காத்திருக்காமல் 119, அதாவது தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அவசர எண். இந்த இரண்டையும் கழித்துப் பார்த்தால், கொரிய மொழி அறிந்தவருக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம், நம் பிள்ளைகளுக்கு இரண்டரைதான்.

எந்தச் சொல்லைக் கேட்டுப் பதற வேண்டும் என்று தெரிந்து போவது நல்லது. 'ஜுக்கெஸ்ஸொ' என்று மாணவர்கள் நாள் முழுக்கச் சொல்வார்கள். பசி உயிர் போகுது, வேலையில் செத்தேன் என்று நாம் சொல்வது போலத்தான் அது. 'ஜுக்கோ ஷிபொ' அப்படியல்ல. 'சாகணும் போல இருக்கு' என்று நேராகச் சொல்வது. அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அன்றே வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

அழைப்புக்கு அடுத்த படி மருத்துவம். கொரியாவில் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே மனநல மருத்துவரிடம் நேராகப் போகலாம். களங்கம் குறையட்டும் என்று 2011-இல் அந்தத் துறையின் பெயரையே 'மனநல மருத்துவம்' என்று மாற்றினார்கள். இருந்தும் எஃப் குறியீடு என்ற பயம் போகவில்லை. மனநோய் என்று காப்பீட்டுப் பதிவில் விழும் அந்த எழுத்து வேலைக்கும் தனியார் காப்பீட்டுக்கும் இடைஞ்சலாகும் என்பது அவர்கள் அச்சம். 2013 முதல், மருந்தில்லாத ஆலோசனைக்கு எஃப் இல்லாமல் இசட் குறியீட்டில் பதிவு செய்யலாம். மருந்து எழுதினால் இது பொருந்தாது.

ஒரு சொல் மாற்றமும் பாராட்டுக்குரியது. கொரியப் பத்திரிகைகள் தற்கொலையை 'எல்லை மீறிய தேர்வு' என்ற பொருளில் எழுதிவந்தன. நம் செய்தித்தாள்களின் 'விபரீத முடிவு' போல. 2024-இல் வந்த செய்தி வழிகாட்டி அந்தச் சொல்லைக் கைவிடச் சொன்னது. முடிவு, தேர்வு என்றாலே அவர் எல்லா வழியையும் நிதானமாக எடைபோட்டு ஒன்றை எடுத்தார் என்று ஆகிவிடுகிறது. அந்த நிலையில் இருப்பவருக்கு வேறு வழியே கண்ணில் படாது.

கொரியாவில், தற்கொலை அறிகுறியைக் கவனித்து உதவி தேடித்தரும் காப்பாளர்களுக்குத் தரும் பயிற்சி மூன்று படி: பார், காதுகொடுத்துக் கேள், சொல். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது; பேச வழிதான் திறக்கும். நம் வீடுகளில் 'சாமி கும்பிடு, சரியாயிடும்' என்பது வரும், 'சாகணும்னு தோணுதாப்பா?' என்பது வராது. இரண்டாவதைத் தான் முதலில் கேட்க வேண்டும். பதில் ஆம் என்றால் அழைப்பைத் துண்டிக்காமல், இன்னொரு தொலைபேசியில் அங்கிருக்கும் துணை ஆசிரியரைப் பிடியுங்கள். டர்பனிலிருந்து 109-ஐ அழைக்க முடியாது. ஆகவே அங்கிருப்பவரிடம் சொல்லப் பிள்ளையின் முகவரியைக் கொரிய எழுத்திலேயே இப்போதே வாங்கி வையுங்கள். கொரியா நமக்கு 7 மணி நேரம் முன்னால்: அங்கே இரவு 11 என்றால் இங்கே மாலை 4. பெற்றோர் தாங்கள் கலங்கினால் இங்கே சாடாக் என்ற தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற உதவி அமைப்பின் 0800 567 567 உண்டு.

பெட்டி கட்டும்போது மருந்தையும் பாருங்கள். அல்பிரசோலாம், சோல்பிடெம் போன்றவை அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அந்நாட்டு உணவு, மருந்து அமைச்சகத்தின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. மருத்துவரின் கடிதத்தைப் பயணத்துக்குப் பல வாரம் முன்பே வாங்க வேண்டும், மருந்தின் வேதிப்பெயரும் அளவும் தெளிவாக எழுதியபடி.