சோடியம் குறைந்த உப்பு நம் சமையலுக்கு ஈடுகொடுக்குமா?

சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் சாதாரண உப்புக்குப் பக்கத்திலேயே இப்போது சோடியம் குறைந்த உப்பும் விற்பனைக்கு இருக்கிறது. உப்பிலுள்ள சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்துத் தயாரிக்கப்படுவது இது. எந்த ஒரு நிறுவனத்தின் பொட்டலத்தையும் குறிப்பாகச் சொல்லாமல், சாம்பாரும் ரசமும் அன்றாடம் கொதிக்கும் ஒரு வீட்டில் இவ்வகை உப்பு எப்படி நடந்துகொள்கிறது, இரத்தக் குழாய்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் சோடியத்தின் உச்ச அளவு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம். அதாவது ஏறக்குறைய 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு கண்டறிந்த சராசரியோ 3,620 மில்லிகிராம். மிகுதியான சோடியம் உடலில் நீரைத் தேக்கிவைப்பதால் குழாய்களுக்குள் ஓடும் இரத்தத்தின் அளவும் அழுத்தமும் உயர்கின்றன. அந்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குழாய்ச் சுவர் தடித்து விறைத்துப்போகிறது. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும் உட்படலமும் தன் திறனை இழக்கிறது. பொட்டாசியத்தின் வேலை இதற்கு நேரெதிரானது. அது சிறுநீரகத்தின் வழியாகச் சோடியத்தை வெளியேற்றத் துணைபுரிவதோடு, குழாய்ச் சுவரின் தசையையும் இளகச் செய்கிறது. ஆகவே இந்த உப்பில் ஒன்று குறைவதும் நன்மை, மற்றொன்று கூடுவதும் நன்மை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. பங்கேற்றவர்கள் முன்பே பக்கவாதம் கண்டவர்கள், அல்லது உயர் இரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் என்பதையும், பெரும்பாலும் வீட்டில் சமைத்தே உண்ணும் கிராமத்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி சுவைக்கு வருவோம். பொட்டாசியம் குளோரைடுக்கு நாக்கின் பின்பகுதியில் தங்கும் ஒரு மெல்லிய கசப்பு உண்டு. புளிக்குழம்பு, ரசம், மீன் குழம்பு போன்றவற்றில் புளியும் மிளகும் காரமும் அந்தக் கசப்பை முழுவதுமாக மூடிவிடுகின்றன. சொல்லாமல் பரிமாறினால் கண்டுபிடிப்பது கடினம். சாம்பாரிலும் குறை தெரியவில்லை. இட்லி மாவில் கலந்தபோதும் மாவு வழக்கம்போலவே பொங்கியது. தேங்காய்ச் சட்டினியில் பச்சை மிளகாயும் இஞ்சியும் சற்றுத் தூக்கலாக இருந்தால் போதும். ஆனால் தயிர்ச்சோற்றிலும் நீர்மோரிலும் இந்த உப்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வறுத்த வேர்க்கடலையின் மேலோ, அவித்த முட்டையின் மேலோ அப்படியே தூவினால் கசப்பு முதலில் வந்து உப்பு பிறகுதான் வருகிறது. மறைக்க வேறு சுவை இல்லாத இடங்களில் இது தோற்றுப்போகிறது என்று சொல்லலாம். கலவையில் பொட்டாசியத்தின் பங்கு கூடக்கூடக் கசப்பும் கூடுவதால், முதன்முறை வாங்குபவர்கள் சோடியம் கால் பங்கு அல்லது மூன்றிலொரு பங்கு குறைந்த வகையிலிருந்து தொடங்குவதே நல்லது.

சமைப்பவரின் கை ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘உப்புக் குறைவான உப்புதானே’ என்று கூடுதலாக அள்ளிப் போடும் பழக்கம் எளிதில் வந்துவிடும். சோடியம் கால் பங்கு குறைந்த உப்பை வழக்கத்தைவிட மூன்றிலொரு பங்கு கூடுதலாகச் சேர்த்தால், உடலுக்குள் போகும் சோடியம் பழைய அளவுக்கே திரும்பிவிடும். கொடுத்த கூடுதல் விலைக்குக் கசப்புதான் மிச்சம்.

இந்தப் பொருளின் மீது எனக்குள்ள பெரிய குறை சுவையன்று, எச்சரிக்கை அச்சிடப்படும் விதமே. நான் வாங்கிய பொட்டலத்தின் முகப்பில் இதயத்தின் படம் பெரிதாக இருந்தது; சிறுநீரக நோயாளிகளுக்கான எச்சரிக்கையோ பின்புறத்தில் பொடி எழுத்தில் கிடந்தது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களால் மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கே குலைந்துபோகும். எனலாப்ரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. இந்த உப்பை ஆர்வத்தோடு தேடி வருபவர்களே இரத்த அழுத்தத்துக்காக அந்த மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருப்பவர்களாக இருப்பார்கள் என்பதுதான் இதிலுள்ள முரண். 2025 ஜனவரியில் இவ்வகை உப்பை வீட்டுச் சமையலுக்கு ஆதரித்த உலகச் சுகாதார நிறுவனமும் சிறுநீரகக் குறைபாடு உடையவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரையை நீட்டவில்லை. நீரிழிவு உள்ள பெற்றோர் வீட்டில் இருந்தால், பலதுறை மருந்தகத்தில் அடுத்த முறை இரத்தப் பரிசோதனை செய்யும்போது சிறுநீரகச் செயல்பாட்டையும் பொட்டாசிய அளவையும் கேட்டறிந்த பிறகே உப்பு டப்பாவை மாற்ற வேண்டும்.

வீட்டு உப்பை மாற்றியும் எட்டாத சோடியம் நிறைய இருக்கிறது. ஊறுகாய், கருவாடு, சோயா சாஸ், உடனடி நூடல்ஸ் எல்லாம் வேறு வழியாக வந்து சேர்பவை. அப்பளத்தில் உப்போடு, சோடியம் அடங்கிய அப்பளக் காரமும் சேர்வதால் சோடியம் இரட்டிப்பு வழியில் வருகிறது. உணவங்காடி நிலையத்தில் பராட்டாவுக்கு ஊற்றும் குழம்பில் எந்த உப்பு என்பது நம் கையில் இல்லை. பானங்களின் ஊட்டச்சத்துத் தரத்தை A முதல் D வரை காட்டும், 2022 டிசம்பர் முதல் உள்ள நியூட்ரி கிரேட் தர முத்திரை, 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உப்பு, சாஸ் வகைகள், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் விரிவடையும் என்று சுகாதார அமைச்சு அறிவித்திருக்கிறது. புகைப்பதை நிறுத்துவது, நடைப்பயிற்சி, கீரை, பருப்பு ஆகியவற்றின் இடத்தை எந்த உப்பும் நிரப்பப்போவதில்லை என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

பெரும்பாலும் வீட்டிலேயே சமைத்து உண்பவர்களாகவும் சிறுநீரகம் நலமாக உள்ளவர்களாகவும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். விலை சாதாரண உப்பைவிடக் கூடுதல்தான். ஆனால் ஆளுக்கு 5 கிராம் என்று வைத்தாலும் நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 600 கிராம்தான் தேவைப்படும் என்பதால் செலவு பெரிதாகத் தெரியாது. வாரத்தில் பாதி நாள் வெளியில் சாப்பிடுபவர்கள், முதலில் தட்டில் மிஞ்சும் குழம்பைக் குடிக்காமல் விடுவதில் அதைவிடக் கூடுதல் பலன் பெறலாம். எங்கள் வீட்டில் குழம்புக்கும் பொரியலுக்கும் இந்த உப்பே நிலைத்துவிட்டது. தயிர்ச்சோற்றுக்கு மட்டும் பழைய உப்பை, அளவைக் குறைத்துக்கொண்டு, பயன்படுத்துகிறோம்.