9900 என்று அச்சிட்ட செல்லும் செம்பு பூசிய இரும்புக் கம்பியும்

டார்ச் லைட்டில் மின்னோட்டத்தைக் கூட்டி வெளிச்சத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லி, கம்பி, ஸ்பிரிங், இரண்டு லித்தியம் செல் அடங்கிய பொட்டலம் ஒன்று இணையத்தில் விற்பனையாகிறது. வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 849 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன்.

எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் பல நாள் இரவில்தான் கிடைக்கும். மோட்டார் போட வரப்பில் நடக்க வேண்டும். கட்டுவிரியன் நடமாடும் நேரமும் அதுதான். கையில் இருந்தது ஒற்றை 18650 செல் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள லித்தியம் செல்) போடும் அலுமினிய டார்ச். வாங்கிய புதிதில் தென்னை உச்சி வரை அடித்தது, இரண்டே வருடத்தில் மங்கிவிட்டது. அப்போதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

விளம்பரம் சொன்ன அடிப்படை விஷயம் பொய்யில்லை என்பதுதான் வேதனை. டார்ச்சுக்குள் மின்னோட்டம் ஸ்பிரிங் வழியாகத்தான் போகிறது. ஸ்பிரிங் பெரும்பாலும் எஃகு. செல்லை அழுத்திப் பிடிக்கும், ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் சோம்பேறி. அதன் தடை 50 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், 3 ஆம்பியர் ஓடும்போது 0.15 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 3.7 வோல்ட் செல்லில் இது என்ன பிரமாதம் என்று தோன்றும். எல்இடிக்கே 3 வோல்ட்டுக்கு மேல் தேவை. மிச்சமிருக்கும் அரை வோல்ட்டில்தான் வெளிச்சத்தின் தலையெழுத்து இருக்கிறது. ஸ்பிரிங்கின் தலையிலிருந்து அடிவரை குட்டையான ஒரு செம்புக் கம்பியைச் சால்டர் வைத்துவிட்டால் மின்னோட்டம் அந்தக் குறுக்கு வழியில் போய்விடும். பலரும் வீட்டில் செய்கிற வேலைதான். மின்னோட்டத்தைச் சீராக்கும் நல்ல சர்க்யூட் உள்ள டார்ச்சில் இதனால் பெரிய மாற்றம் தெரியாது, விலை குறைந்தவற்றில்தான் பலன் என்பதை மட்டும் விளம்பரம் சொல்லவில்லை.

வேலை தொடங்கும் முன் அளந்து வைத்துக்கொண்டேன். வால் மூடியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனையைச் செல்லின் அடியிலும் மற்றதைக் குழாயின் பூச்சில்லாத விளிம்பிலும் வைத்தால் ஓட்டம் தெரியும். என் பழைய செல்லில் 2.1 ஆம்பியர். இந்த அளவில் வால் மூடி ஸ்பிரிங்கின் கதை தெரியாது; தலைப்பக்கத்து ஸ்பிரிங்கின் கதைதான் தெரியும். அதனால் முதலில் தலைப்பக்கத்தில் கம்பியை வைத்தேன். மறுபடி அளந்தால் 2.15. அரை மணி நேரம் குனிந்து, விரலைச் சுட்டுக்கொண்டதற்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான்.

சரி, செல்லை மாற்றுவோம் என்று அவர்கள் அனுப்பியதைப் போட்டேன். 1.3 ஆம்பியர்! பத்து நிமிடத்தில் வெளிச்சம் அகல் விளக்காகிவிட்டது. செல் கையில் பிடிக்க முடியாத சூடு.

செல்லின் மேல் 9900 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. 18650 அளவில் நல்ல நிறுவனங்கள் செய்கிற செல்களே 3500 எம்ஏஎச்சைச் சுற்றித்தான் நிற்கின்றன. இதை வாங்கும் முன்பே நான் யோசித்திருக்க வேண்டும். சந்தேகம் வந்து எங்கள் தெருப் பத்தரிடம் கொண்டுபோய்த் தராசில் வைக்கச் சொன்னேன். என் பழைய செல் 46 கிராம், புதியது 31 கிராம். அவர் இரண்டையும் கையில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “பூரணம் வைக்காத கொழுக்கட்டை தம்பி இது” என்றார். செல்லின் கொள்ளளவை அளந்து காட்டும் சார்ஜர் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தபோது 740 எம்ஏஎச் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவில்லை. நீங்களும் பிரிக்காதீர்கள், லித்தியம் செல் தீப்பிடிக்கும்.

கம்பிக்கு வருகிறேன். சிலிகான் உறை நல்ல தடிமன். உரித்தால் உள்ளே முடிபோல ஏழு இழை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. இரும்புக்குச் செம்புப் பூச்சு பூசி, ‘99.9 சதவீதச் செம்பு’ என்று லேபிள் ஒட்டியிருக்கிறார்கள்.

விற்றவருக்கு எழுதினேன். முதலில் வீடியோ கேட்டார். அனுப்பினேன். பிறகு வேறு கோணத்தில் வீடியோ. அதற்குள் மாற்றித் தரும் கெடுவான ஏழு நாள் கடந்துவிட்டது. கடைசியில், “நீங்கள் சால்டர் வைத்துவிட்டதால் உத்தரவாதம் இல்லை” என்று பதில். சால்டர் வைப்பதற்கென்றே விற்ற கம்பிக்கு! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். மூன்று வாரம் கழித்துச் செல்களின் விலை மட்டும் வந்தது.

இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எனக்கு வந்தவற்றில் எதுவுமே இல்லை. முத்திரையைப் போலியாக அச்சிடுபவர்களும் இருப்பார்கள், அதனால் தராசையும் நம்புங்கள்.

பிறகு செல்போன் பழுது பார்க்கும் கடையில், சால்டரை உறிஞ்சி எடுக்கப் பயன்படுத்தும் செம்புப் பின்னலில் ஒரு துண்டு வாங்கி, அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டு வைத்தேன். பழைய செல்லிலேயே 2.4 ஆம்பியர். வால் மூடிக்கும் அதையே வைத்தேன். மரையில் சேர்ந்திருந்த கறுப்பு அழுக்கை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தபோது வெளிச்சம் இன்னும் தெளிந்தது. உண்மையில் அந்த மங்கலில் பாதி இந்த அழுக்கின் வேலைதான் போலிருக்கிறது. இப்போது டார்ச் முன்பைவிடச் சீக்கிரம் சுடுகிறது, அதனால் முழு வெளிச்சத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எரியவிடுவதில்லை.

அந்த இரண்டு செல்களும் கொல்லையில் மணல் நிரப்பிய சட்டியில் கிடக்கின்றன. மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். நேற்று அதே பொட்டலத்தை அதே படத்துடன் வேறு பெயரில் பார்த்தேன். செல்லில் இப்போது 12000 என்று போட்டிருக்கிறார்கள்.