மலைக் கதை கேட்டு வருகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

சேலத்துக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னணியில் பனிமூட்டம், ஒரு கொண்டை ஊசி வளைவு. சேர்வராயன் மலையை வைத்து அமானுஷ்யக் கதைகள் வேண்டும், புதியவர்களுக்கு முன்னுரிமை என்று ஒரு சிறு இணைய இதழ் போட்டிருக்கிறது. அந்த இதழில்தான் என் கதையும் வந்தது. அம்மாபேட்டையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி அதே போஸ்டரைக் கொண்டுவந்து காட்டி, "அக்கா, செலக்ட் ஆயிட்டேன், பணம் மட்டும் கட்டணுமாம்" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதழின் பெயரைப் போடவில்லை. நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். எப்படி வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

என் அப்பா ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ஒன்றில் வேலை பார்த்தவர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காப்பிச் செடி. பழம் பறித்து, பல்பரில் தோலுரித்து, களத்தில் காயப்போடுவார்கள். அந்தக் களத்துக்கு இரவுக் காவல் இருக்கும் கிழவரை வைத்து ஒரு பேய்க்கதை எழுதினேன். கதையில் பேய் எங்கேயும் வராது. ஆள் கணக்கு மட்டும் ஒன்று கூடிக்கொண்டே போகும்.

இரவு அனுப்பினேன், காலையிலேயே "தேர்வாகிவிட்டது" என்று பதில். பாராட்டு மழை. ஆனால் கிழவரைப் பற்றியோ களத்தைப் பற்றியோ அதில் ஒரு வரி இல்லை. எந்தக் கதைக்கும் அனுப்பக்கூடிய பாராட்டு அது. அன்று மாலையே என் போட்டோவோடு போஸ்டர் போட்டு ஃபேஸ்புக்கில் டேக் செய்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாழ்த்து சொல்லி முடித்த பிறகு வாய்ஸ் மெசேஜ் வருகிறது: "அக்கா, ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. மெய்ப்புத் திருத்தம், வடிவமைப்புக்கு 1,500 ரூபாய் மட்டும்." ஜிபே எண் இதழின் பெயரில் இல்லை, தனி ஆள் பெயரில் இருந்தது. போஸ்டர் ஊரெல்லாம் பார்த்தாகிவிட்டது என்ற நெருக்கடியில் கட்டினேன். அந்த நெருக்கடி தானாக வந்ததல்ல. அவர்கள் திட்டம் போட்டு உண்டாக்கியது. எங்கள் தெருப் பெண்ணுக்கும் இதே வரிசைதான்: பாராட்டு, போஸ்டர், பணம்.

கட்டணம் ஏன் என்று கேட்டால் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். ஏஐ எழுதிய கதைகள் குவிகின்றனவாம், உண்மையான எழுத்தாளர்களைப் பிரித்தெடுக்கத்தான் இந்தத் தொகையாம். ஏஐ கதைகள் குவிவது உண்மைதான். அமெரிக்காவிலிருந்து வரும் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைகதை இதழ் இதனால் 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே நிறுத்திவைத்தது. அப்போதும் எழுதுகிறவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி திறந்தது. தேர்வான கதைக்குச் சொல் கணக்கில் பணம் கொடுக்கும் இதழ் அது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு ஆர்டர் கொடுக்கிறவர் பட்டறைக்காரரிடம் கூலி கேட்பதில்லை. கதையும் உழைப்புதான்.

பணம் போன பிறகுதான் ஒப்பந்தம் வந்தது. முன்பே அனுப்பியிருந்தால் யாரும் கட்டமாட்டார்கள். உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும், இனி வரப்போகும் வடிவங்கள் உட்பட எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக உரிமை அவர்களுக்கு. சினிமாவும் வெப் சீரிஸும் அதில் அடக்கம். எழுதியவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ். இதழில் வந்த கதைகளின் தொகுப்பு புத்தகமாக அச்சானதும் குறைந்தது ஐந்து பிரதி வாங்கவேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வேறு.

கையெழுத்துப் போட முடியாது, கதையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று மெயில் போட்டேன். "அக்கா, அச்சுக்குப் போயிடுச்சே" என்றார்கள். அப்புறம் போன் எடுக்கவில்லை. இதழிலும் போட்டார்கள், தொகுப்பிலும் போட்டார்கள்.

வந்ததைப் படித்தபோது பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நான் எழுதியது இது: "பழம் பறிக்க வந்தவர்கள் பதினாறு பேர். களத்தில் படுத்திருந்தது பதினேழு நிழல்." அவர்கள் போட்டது இது: "தேயிலை பறிக்க வந்த பதினாறு பெண்களையும் கொலைவெறியோடு பார்த்தது அந்த ஆவி!" காப்பித் தோட்டம் தேயிலைத் தோட்டமாகிவிட்டது. களம் போய்விட்டது, பல்பர் போய்விட்டது. கிழவர் கடைசியில் அலறிக்கொண்டு ஓடுகிறார். ஏற்காட்டுக்காரர் யார் படித்தாலும் இவளுக்கு மலையே தெரியாது என்றுதான் நினைப்பார். என் பெயரோடுதான் போட்டிருக்கிறார்கள். இதற்குத்தான் திருத்தக் கட்டணம்.

அடுத்து அந்தத் திருத்திய கதையை எந்திரக் குரலில் வாசிக்கவைத்து யூடியூபில் ஏற்றினார்கள். அங்கே என் பெயரையே காணோம். "உண்மைச் சம்பவம்" என்று தலைப்பு.

இதற்குப் பிறகு தெரிந்துகொண்டதை எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கதையின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர். பதிவு செய்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்ற, எழுதியவர் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லை என்றும் அதில் சொல்லியிருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஆக, போஸ்டர் போட்டதாலோ பணம் கட்டியதாலோ உங்கள் கதை அவர்களுடையதாகிவிடாது. 57-ஆவது பிரிவு இன்னும் முக்கியம். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், எழுதியது தான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். பெயர் கெடும்படி கதையைச் சிதைத்தால் தட்டிக்கேட்கவும் முடியும்.

என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை என்பதால் யூடியூபில் பதிப்புரிமைப் புகார் கொடுத்தேன், வீடியோவை எடுத்துவிட்டார்கள். புகார் படிவம் இலவசம், வக்கீல் தேவையில்லை. ஆனால் உங்கள் உண்மைப் பெயர் எதிர்த்தரப்புக்குப் போகும். புனைபெயரில் எழுதுகிற பெண்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பப்போகிறேன் என்று மெயில் போட்டதும் இதழிலிருந்தும் கதையை எடுத்தார்கள். அச்சுத் தொகுப்பு இன்னும் விற்கிறது. 1,500 வரவில்லை.

திரும்ப வராத இன்னொன்றும் உண்டு. வார இதழ்களும் சிறுகதைப் போட்டிகளும் பெரும்பாலும் எங்கும் பிரசுரமாகாத கதையைத்தான் கேட்கும். இணையத்தில் வந்துவிட்டாலே பிரசுரமானதுதான். நான் எழுதிய வடிவம் எங்குமே வரவில்லை, ஆனாலும் அந்தக் கதையை இனி புதுக்கதை என்று எங்கேயும் அனுப்ப முடியாது.

சிறு இதழ் என்றாலே சந்தேகப்படுங்கள் என்று சொல்லவில்லை. கைக்காசைப் போட்டு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். "சன்மானம் தர இயலாது" என்று முதலிலேயே நேராகச் சொல்வார்கள், ஒரு வரியை மாற்றுவதென்றாலும் கேட்டுவிட்டு மாற்றுவார்கள், உரிமை எழுதியவரிடமே என்று போட்டிருப்பார்கள். அவர்களுக்குத் தாராளமாக அனுப்புங்கள். பேய்க்கதைக்கும் அறிவியல் கதைக்கும் இடம் கொடுக்கிறவர்கள் தமிழில் குறைவு என்பதால் அவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். இந்தக் குறைவைப் பார்த்துத்தான் ஏமாற்றுகிறவர்களும் வருகிறார்கள்.

அனுப்பும் முன் ஏற்கெனவே எழுதிய இரண்டு பேரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள்: பணம் கேட்டார்களா, திருத்திய பிரதியை முன்கூட்டிக் காட்டினார்களா? ஒப்பந்த நகலையும் முதலிலேயே கேளுங்கள். "செலக்ட் ஆனால்தான் காட்டுவோம்" என்றால் விட்டுவிடுங்கள். கதையை அனுப்பிய மெயிலை அழிக்காதீர்கள், தேதியோடு இருக்கும் முதல் சாட்சி அதுதான்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் ஜிபே ரசீது, வாய்ஸ் மெசேஜ், போஸ்டர் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடவே போடாதீர்கள். கதையைத் திரும்பப் பெறுவதாக இன்றைக்கே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். எங்கள் தெருப் பெண் பணம் கட்டவில்லை. அவள் கதையைத் திரும்பக் கேட்டு நேற்று இருவரும் உட்கார்ந்து மெயில் எழுதி அனுப்பினோம்.