பழைய .22 துவக்கு சிக்கினால்: கழுவுவதா, ராவுவதா, மாற்றுவதா?

எங்கள் சூட்டுக் கழகத்துப் பழைய .22 போல்ட் துவக்கு (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடும் வகை) கொஞ்ச நாளாகக் கரைச்சல் தந்துகொண்டிருந்தது. ஐந்து ரவை மகசினில் முதலாவது ஒழுங்காக ஏறும். இரண்டாவது குழல் வாயில் மூக்கை முட்டி நின்றுவிடும். சுட்ட பிறகு போல்ட்டை இழுத்தால் வெற்றுக்கோது வெளியே தெறிக்காது, குழலின் பின்முனையில் ரவை இருக்கும் அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லது மகசினுக்கு மேலே சோர்ந்து விழும். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் “நல்லாக் கழுவுங்கோ, போதும்” என்றார். ஒருவர் ரவை சரியில்லை என்றார். இன்னொருவர் போல்ட்டின் நுனியில் கோதைப் பிடித்து இழுக்கும் கொளுக்கியை அரத்தால் ராவச் சொன்னார். இளம் பிள்ளைகள் புதிய பாகங்களை வெளிநாட்டிலிருந்து எடுப்போம் என்றார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கழுவுவதுதான் முதலாவது. செலவு இல்லை என்பதால் மட்டும் சொல்லவில்லை. .22 ரவையில் சன்னத்தின் வெளிப்பக்கத்தில் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். அது வெடிமருந்துக் கரியோடு சேர்ந்து அறையின் சுவரில் படியும். அதற்கு மேல் கொழும்பின் ஈரக்காற்று. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு யன்னல் கம்பி எவ்வளவு விரைவாகக் கறள் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் துவக்கில் இன்னொன்றும் இருந்தது. யாரோ ஒரு காலத்தில் தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறார்கள். போல்ட்டைக் கழற்றிக் கொளுக்கியின் அடியில் பல்குத்தும் குச்சியால் கிளறினேன். தேன்மெழுகு போலப் பழுப்பான பசை சுருள் சுருளாக வந்தது. அந்தப் பசைக்குள் கொளுக்கி அசையவே இல்லை. அசையாத கொளுக்கி ரவையின் அடிப்பக்க விளிம்பை எப்படிப் பிடிக்கும்?

அறைக்குப் பித்தளைத் தூரிகைதான் வேண்டும். குழலை மட்டும் துடைத்துவிட்டு அறையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கரைப்பானில் நனைத்து, பின்பக்கத்தால் விட்டு, அறைக்குள் வைத்துச் சுழற்ற வேண்டும். .22இல் ஷோர்ட் என்ற குட்டை ரவையும் லோங் றைபிள் என்ற நீள ரவையும் உண்டு. ஷோர்ட் ரவை சுட்ட துவக்கு என்றால் இன்னும் கவனம். ஷோர்ட் கோது சுமார் 10.7 மில்லிமீற்றர், லோங் றைபிள் கோது சுமார் 15.6. குட்டைக் கோது முடியும் இடத்துக்கு முன்னால் கரி வளையமாகப் படிந்துவிடும். பிறகு நீளக் கோது அந்த வளையத்தில் இறுகி வெளியே வர மறுக்கும். கழுவியபின் அறையை உலரத் துடைத்து, போல்ட்டுக்கு மட்டும் தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

ரவையை மாற்றுவது போல்ட் துவக்கில் பெரிதாக உதவாது. தானியங்கித் துவக்கில் ரவை வலுக்குறைந்தால் போல்ட் முழுதாகப் பின்னுக்குப் போகாது, கோது வாயிலில் செங்குத்தாக மாட்டும். போல்ட் துவக்கில் அந்த வேலையை நம் கைதான் செய்கிறது. கோதைத் தட்டி வெளியேற்றும் எஜெக்டர் நிலையாக உள்ளதில் கோது எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பது நாம் இழுக்கிற வேகத்தில் இருக்கிறது. மெதுவாக இழுத்துவிட்டுத் துவக்கைக் குறை சொல்லாதீர்கள்.

ராவுவதா மாற்றுவதா என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை, மாற்ற வேண்டும். கொளுக்கியின் நுனிக்கோணம்தான் விளிம்பை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. அரம் ஒரு இழுப்பு கூடிப்போனால் கோணம் போய்விடும். .22 ரவையின் விளிம்பு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தடிப்புத்தான். அந்தளவு சிறிய இடத்தில் கைக்கணக்கு செல்லாது. எங்கள் துவக்கின் கொளுக்கியில் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது பழைய அரத்தின் கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு முன்பு யாரோ இதே யோசனையைக் கேட்டிருக்கிறார்கள்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. வெற்றுக்கோது ஒன்றைக் கழற்றிய போல்ட்டின் முகத்தில் கொளுக்கிக்குள் செருகி, போல்ட்டை மெல்ல ஆட்டுங்கள். கோது நின்றால் கொளுக்கியும் அதை அழுத்தும் சுருளும் சரி. விழுந்தால் முதலில் சுருளை மாற்றுங்கள், பெரும்பாலும் களைத்துப் போவது அதுதான். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் எந்தச் சுருளையும் செய்து தருவார்கள்தான். ஆனால் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்குத் திருத்தவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். லேத் கடைக்காரரைச் சிக்கலில் மாட்டாமல் அனுமதி உள்ளவரிடமே கொடுங்கள்.

மகசின் விஷயத்தில்தான் என் கருத்து கொஞ்சம் மாறியது. ரவையை மேலே பிடித்து வைக்கும் அதன் உதட்டைக் குறட்டால் வளைப்பது தவறு என்றுதான் நினைத்திருந்தேன். சிக்கிய ரவையை எடுத்துப் பார்த்தேன். சன்னத்தின் மூக்கில் கீழ்ப்பக்கமாகச் சிறிய மழித்த தடம் இருந்தது. மூக்கு தாழ்ந்து வந்து குழல் முகத்தில் இடித்திருக்கிறது. மகசின் எப்போதோ கீழே விழுந்து அதன் உதடு ஒன்று நெளிந்திருந்தது. அதை மயிரிழை அளவு நிமிர்த்தியதும் இடிப்பது நின்றது. ஆனால் அது தற்காலிகம்தான். பலமுறை வளைத்த தகடு மறுபடி வளையும். இன்னொரு மகசின் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், பழையதைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரவை நிரப்பும்போது மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் போனால் எந்த மகசினும் மாட்டும்.

இவ்வளவும் செய்தும் கோது இறுகினால் அறையின் வாய் விளிம்பைப் பாருங்கள். வெறுமையாக விசையிழுத்துப் பழகிய துவக்கில், ரவையை வெடிக்கவைக்கும் ஊசி அந்த விளிம்பிலேயே குத்திக் குழி விழுந்து, உள்பக்கமாக உலோகம் பிதுங்கியிருக்கும். அந்தப் பிதுக்கம் ஒவ்வொரு கோதிலும் ஒரே இடத்தில் நீளமாக ஒரு கீறலை விடும். இதற்கும் அரம் கூடாது. பிதுங்கிய உலோகத்தை அழுத்தி மீண்டும் இடத்தில் சேர்க்கத் தனிக்கருவி உண்டு, கை தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் துவக்குக்குக் கழுவலும், உதடு நிமிர்த்தலும், புதிய சுருளும் போதுமாக இருந்தன. ராவிய கொளுக்கியையும் மாற்ற வேண்டும். பாகம் வரும்வரை அது ரவையைப் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் வெற்றுக்கோதால் சோதிக்கிறேன்.