எட்டு நாள் கவர்னரா, ஒரு வாரம் வாஷிங்டனா?

ஆஸ்டினில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மெக்சிகோ வம்சாவளியினர். அம்மா பள்ளிக்கூட கேன்டீனில் வேலை, அப்பா கூரை போடும் வேலை. மகள் பத்தாம் வகுப்பு. மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் அந்த அம்மா ஒரு கத்தைத் தாளோடு வந்தார். "நீங்கள்தான் எதையும் முழுசாகப் படிக்கிற ஆள். இதில் எதற்கு அனுப்பலாம், சொல்லுங்கள்" என்றார். எல்லாமே கோடை விடுமுறைத் தலைமைப் பயிற்சிகள். கல்லூரிக்குப் போகும் முன்பே ஹைஸ்கூல் பிள்ளைகளைச் சில நாட்கள் வெளியூரில் தங்கவைத்து, மேடையில் பேசவும் வாதாடவும் கூட்டம் நடத்தவும் பழக்குவார்கள். அவற்றில் சில ஹிஸ்பானிக் மாணவர்களை, அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் வேர் உள்ளவர்களை, மனத்தில் வைத்தே தொடங்கப்பட்டவை.

டெக்சாஸில் இது ஏதோ ஒரு மூலையில் நடக்கும் சங்கதி இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் 39.3 சதவீதம் பேர் ஹிஸ்பானிக். அரசுப் பள்ளிகளில் பாதிக்கு மேல். ஆனாலும் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இந்தப் பிள்ளைதான் என்ற வீடுகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து உண்டு.

கத்தையில் மேலே இருந்தது தங்க நிற முத்திரை போட்ட கடிதம். "உங்கள் மகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள்" என்று தொடங்கியது. யார் தேர்ந்தெடுத்தார்கள், எதை வைத்து என்று ஒரு வரி இல்லை. கட்டணம் மட்டும் தெளிவாக இருந்தது. அப்பாவுக்கு அந்தக் கடிதத்தின் மேல்தான் ஆசை, ஃப்ரேம் போட்டு மாட்டலாம் போல் இருந்ததே! ஆனால் விண்ணப்பமே போடாத பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம், பிள்ளையைப் பார்க்கவில்லை, அஞ்சல் முகவரியைத்தான் பார்த்திருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வைத்தேன். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்கி நடத்தும் இரண்டு வாரக் கோடை வகுப்புகளும் அதே பக்கம் போயின. 5,000 டாலரைத் தாண்டுவது அங்கே சாதாரணம். பாடம் நல்ல பாடமாகவே இருக்கலாம். ஆனால் அங்கே படித்ததால் அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்று நினைத்துப் பணம் கட்டினால் ஏமாற்றம்தான்.

மிச்சமிருந்ததில் நிஜமான போட்டி இரண்டுக்கு நடுவில்.

ஒன்று, வாஷிங்டனில் சி.எச்.சி.ஐ. நடத்தும் ஆர்2எல் நெக்ஸ்ட்ஜென். 1976இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஹிஸ்பானிக் உறுப்பினர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவின் உறுப்பினர்கள் 1978இல் தொடங்கிய கல்வி நிறுவனம் இது. கல்லூரி மாணவர்களுக்கான இன்டர்ன்ஷிப்புக்குத்தான் இதற்கு அதிகம் பெயர். ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கானது ஒரு வாரம். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலைப் பார்க்கலாம், சட்டம் எப்படி உருவாகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தன் ஊர்க்காரர்களைப் போலவே பெயரும் சாயலும் உள்ளவர்கள் அங்கே பதவியில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். விண்ணப்பமும் கட்டுரையும் அனுப்பிப் போட்டியில் வென்றால்தான் இடம்.

மற்றது நேஷனல் ஹிஸ்பானிக் இன்ஸ்டிட்யூட். 1979இல் எர்னெஸ்தோ நியெத்தோ தொடங்கியது. தலைமையகம் மேக்ஸ்வெல் என்ற சிற்றூரில், எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். இது ஒரே ஒரு முகாம் இல்லை, படி வைத்த ஏணி. ஹைஸ்கூலுக்குள் நுழைந்த பிள்ளைகளுக்கு முதலில் கிரேட் டிபேட், அதாவது அணி அணியாக மோதும் விவாதப் போட்டி. அடுத்த படி எல்.டி.இசட். என்கிற இளைஞர் சட்டமன்றம். கடைசிப் படி, கல்லூரி விண்ணப்ப வருடத்துக்கு முன்பு அதற்குத் தயார்செய்யும் காலேஜியேட் வேர்ல்ட் சீரிஸ்.

நடுப்படிதான் சுவாரசியமானது. 1983இல் தொடங்கிய அந்த எட்டு நாள் முகாமில் பிள்ளைகள் கீழவை, செனட், உச்ச நீதிமன்றம் என்று பிரிவார்கள். கவர்னரிலிருந்து தலைமை நீதிபதி வரை எல்லாப் பதவிக்கும் தேர்தல் உண்டு. தங்கள் சமூகத்துக்கு என்ன தேவை என்று அவர்களே யோசித்து மசோதா எழுதி, ஓட்டு கேட்டு, நிறைவேற்ற வேண்டும். முகாமை ஓட்டுவதில் பெரும் பங்கு, அதே முகாமில் முன்பு உட்கார்ந்து எழுந்த கல்லூரி மாணவர்களுக்கு.

அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்.டி.இசட். என்பது லொரென்சோ தே சவாலா. 1788இல் மெக்சிகோவின் யூகடான் பகுதியில் பிறந்தவர். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்ததற்காக மூன்று வருடம் சிறை. அங்கே இருந்துகொண்டே ஆங்கிலமும் மருத்துவமும் படித்தார். சுதந்திர மெக்சிகோவில் ஒரு மாநில ஆளுநர், நிதியமைச்சர், பிரான்ஸுக்குத் தூதர். பிறகு மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னாவின் சர்வாதிகாரத்தோடு முறித்துக்கொண்டு, அப்போது மெக்சிகோவின் பகுதியாக இருந்த டெக்சாஸுக்கு வந்து, 1836இல் அதன் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டு, இடைக்காலத் துணை அதிபரும் ஆனார். அந்த வருட நவம்பரிலேயே படகு கவிழ்ந்து நனைந்ததில் நிமோனியா கண்டு இறந்தார். மெக்சிகோவில் பலருக்கு அவர் துரோகி, டெக்சாஸில் பள்ளிகளுக்கு வைக்கும் பெயர். இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்கிற ஒருவரின் பெயரை இந்தப் பிள்ளைகளின் சட்டமன்றத்துக்கு வைத்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

குறை என்னவென்றால், பணம். பல நூறு டாலர் கட்டணம், பயணச் செலவு தனி. "ஏழைப் பிள்ளைக்கு என்று தொடங்கிவிட்டு ஏழையிடமே காசு கேட்பதா?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. அந்த நிறுவனத்தின் போக்கிலிருந்து எனக்குத் தோன்றும் பதில் இது: தங்கள் பிள்ளைகளைக் குறையுள்ளவர்களாகப் பார்க்கும் உதவி அவர்களுக்கு வேண்டாம். குடும்பமும் ஊரும் சேர்ந்து பணம் திரட்டி அனுப்பினால், திரும்பி வரும் பிள்ளைக்கு ஊரோடு ஒரு கணக்கு இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாடகை கட்ட முடியாத வீட்டில் இந்தப் பேச்சு எடுபடாது என்பதும் உண்மை.

அப்படியிருந்தும் என் ஓட்டு எல்.டி.இசட்.டுக்குத்தான். வாஷிங்டன் வாரத்தில் பிள்ளை பெரும்பாலும் பார்வையாளர், மற்றவர்கள் ஆள்வதைப் பார்க்கிறாள். இங்கே அவளே தேர்தலில் நிற்க வேண்டும், தோற்கவும் வேண்டும். பதினாறு வயதில், தன்னைப் போன்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நடுவில் தோற்றுவிட்டு மறுநாள் காலை கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் உட்காருவது சாதாரணப் பாடம் இல்லை.

இதைச் சொன்னதும் ஒரு கேள்வி வரும்: அதற்கு கேர்ள்ஸ் ஸ்டேட் போதாதா? முன்னாள் ராணுவத்தினர் சங்கமான அமெரிக்கன் லீஜியன் 1935இல் தொடங்கிய பாய்ஸ் ஸ்டேட்டும், அதன் மகளிர் பிரிவு நடத்தும் கேர்ள்ஸ் ஸ்டேட்டும் இதே மாதிரி அரசு முகாம்கள்தான். டெக்சாஸில் பெயர் புளூபானட் கேர்ள்ஸ் ஸ்டேட். உள்ளூர்க் கிளைகளே பெரும்பாலும் செலவை ஏற்கும், விண்ணப்பத்தில் அந்தப் பெயருக்கு எடையும் அதிகம். 1963இல் பாய்ஸ் ஸ்டேட்டின் தேசிய முகாமான பாய்ஸ் நேஷனுக்குப் போன பையன் பில் கிளின்டன் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் கென்னடியோடு கை குலுக்கிய படம் உலகத்துக்கே தெரியும். ஆனால் அங்கே பதினொன்றாம் வகுப்பு முடிய வேண்டும், பள்ளியோ கிளையோ பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரைக்கிற ஆசிரியரின் கண்ணில் படுகிற பிள்ளைகள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதே 1963இல் கலிபோர்னியாவின் மாலிபுவில் வேறொரு முகாம் நடந்தது. யூத ஆலயம் ஒன்றுக்குச் சொந்தமான கேம்ப் ஹெஸ் கிரேமர் என்ற இடத்தில், மெக்சிகோ வம்சாவளி ஹைஸ்கூல் மாணவர்களை ஒரு வார இறுதிக்குக் கூட்டிப்போய், உங்கள் பள்ளியில் என்ன குறை என்று பேசவிட்டார்கள். வருடாவருடம் தொடர்ந்தது. அதில் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளில் ஒருவர் லிங்கன் ஹைஸ்கூல் ஆசிரியர் சால் காஸ்ட்ரோ. அங்கே பேசிப் பழகியவர்கள் பலர் முன்னால் நிற்க, 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். ஸ்பானிஷ் பேசினால் தண்டனை கூடாது, எங்கள் வரலாற்றையும் பாடத்தில் வையுங்கள், எங்கள் ஆட்களையும் ஆசிரியராக்குங்கள் என்பவை அவர்கள் கோரிக்கைகள். காஸ்ட்ரோ உட்பட 13 பேர் மேல் சதி வழக்கு போட்டு, பிற்பாடு அது நிற்காமல் போனது. பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ் மேயரான அந்தோனியோ விய்யராய்கோசாவும் அந்த முகாமின் பழைய மாணவர். முகாம் கட்டடங்கள் 2018 காட்டுத்தீயில் எரிந்து போயின.

அந்த மாநிலத்தில் இன்று இருப்பவர்களுக்கு சாக்ரமென்டோவில் 1982 முதல் நடக்கும் சிக்கானோ லத்தீனோ இளைஞர் தலைமைத் திட்டம் உண்டு. மாநிலத் தலைநகரிலேயே ஒரு வாரம், சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே மாதிரிச் சட்டமன்றம். கலிபோர்னியா வீடாக இருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். நாங்கள் டெக்சாஸ்.

பிரின்ஸ்டனில் கோடை வகுப்பு நடத்தும் லீடா, எம்.ஐ.டி.யின் கோடைப் பயிற்சியான மைட்ஸ் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலவசம், தரம் உச்சம், கல்லூரி இடத்துக்கு இவற்றைவிடப் பெரிய உதவி கிடையாது. இரண்டும் பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்களுக்கு. ஹிஸ்பானிக் பிள்ளைகளுக்கு மட்டுமானவை அல்ல. மைட்ஸ் அறிவியல், பொறியியல் பக்கம். அடுத்த வருடக் காலண்டரில் இப்போதே குறித்து வைக்கச் சொன்னேன்.

இன்னொன்று. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. டெக்சாஸில் 2024 ஜனவரி முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் எல்லா இனத்தவருக்கும் இடம் கிடைக்கிறதா என்று கவனிக்கும் பன்முகத்தன்மை அலுவலகங்கள் வைக்கவும் தடை. அதனால் இந்த வகைப் பயிற்சி எதிலும் பழைய நோட்டீஸை நம்பக் கூடாது. பெயர், தகுதி விதி, நடக்கும் இடம் எது வேண்டுமானாலும் மாறியிருக்கும்.

எல்லாம் அலசி முடித்த பிறகுதான் உண்மையான தடை எது என்று தெரிந்தது. அவளுடைய அபுவேலா, அப்பாவைப் பெற்றவர், வயசுப் பெண் எட்டு ராத்திரி வெளியே தங்குவதா என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, என் அக்காவின் என்.சி.சி. கேம்புக்கு எங்கள் பாட்டி கேட்டது அச்சு அசல் இதுதான். இந்த இடத்தில் நேஷனல் ஹிஸ்பானிக் இன்ஸ்டிட்யூட்டே ஜெயித்தது. தங்கும் அறைகள், பொறுப்பாளர்கள் பற்றி வீட்டுப் பெரியவர்கள் என்ன கேட்டாலும் ஸ்பானிஷிலேயே பொறுமையாகப் பதில் சொல்ல அங்கே ஆள் இருந்தது. அபுவேலா முக்கால் மணி நேரம் போனில் பேசினார். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுவிட்டு, சரி என்றார்.

சி.எச்.சி.ஐ.க்கும் விண்ணப்பம் போயிருக்கிறது, செலவில்லாததை விடுவானேன். எல்.டி.இசட். கட்டணத்துக்காகச் சனிக்கிழமைகளில் வீட்டு முன்னால் தமாலே என்ற சோள மாவுப் பலகாரம் விற்கிறார்கள். நான் இரண்டு டஜன் சொல்லியிருக்கிறேன், பீன்ஸ் வைத்தது.