முயலுக்கு ஸ்பே (கர்ப்பப்பையை எடுக்கற கருத்தடை ஆபரேஷன்) பண்ணணும்னா இந்த கிளினிக்குக்கு தைரியமா போங்க

வேளச்சேரி தாம்பரம் பக்கம் முயல் வளர்க்கறவங்க இதை கொஞ்சம் பொறுமையா படிங்க, நாய் பூனைக்கு இங்க ஏற்கனவே நிறைய பேர் ரிவ்யூ போட்டிருக்காங்க, முயலுக்கு யாரும் எழுதல அதான் நான் எழுதறேன். சென்னைல நாய்க்கு தெருவுக்கு ஒரு டாக்டர் இருக்காங்க, முயல்னு சொன்னா பாதி இடத்துல "கொண்டு வாங்க, பாக்கலாம்"ங்கறாங்க. அந்த "பாக்கலாம்" தான் எனக்கு பயமே.

எங்க பொம்மிக்கு ஒரு வயசு தாண்டிடுச்சு. வீட்ல ஆண் முயலே கிடையாது, ஆனா திடீர்னு தன் நெஞ்சு முடியை பிச்சு வாய்ல கவ்விக்கிட்டு போய் மூலைல கூடு கட்ட ஆரம்பிச்சா, பொய் கர்ப்பம். இது திரும்ப திரும்ப வந்துச்சு, கை வெச்சா கடிக்கறா, பாவம் அவளுக்கே நிம்மதி இல்ல. அதோட பெண் முயலுக்கு கர்ப்பப்பை கேன்சர் ரொம்ப சகஜம், சில இனங்கள்ல நாலு வயசுக்கு மேல பாதிக்கு மேற்பட்டதுக்கு வரும்னு படிச்சப்புறம் யோசிக்கவே இல்ல, ஸ்பே பண்ணியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டோம்.

முதல்ல வேற ஒரு இடத்துல போன் போட்டு கேட்டேன், "முந்தின நாள் ராத்திரில இருந்து எதுவும் குடுக்காதீங்க, காலைல வெறும் வயித்தோட கொண்டு வாங்க"ன்னாங்க. நன்றி சொல்லி வெச்சுட்டேன். மயக்கத்துல வாந்தி எடுத்துடக் கூடாதுன்னு தான் நாயை பட்டினி போடுவாங்க, முயலால வாந்தி எடுக்கவே முடியாதுங்க, அதனால நாய் மாதிரி ராத்திரி பூரா பட்டினி போட வேண்டிய அவசியமே இல்ல, பட்டினி போட்டா குடல் அசையறது குறைஞ்சு அதுவே உயிருக்கு ஆபத்தாயிடும். நீங்க எந்த கிளினிக்குக்கு போன் பண்ணாலும் இந்த ஒரு கேள்வியை கேளுங்க, பதில்லயே தெரிஞ்சிடும். இந்த கிளினிக்ல நான் கேட்கறதுக்கு முன்னாடியே டாக்டரம்மா சொன்னாங்க, "காலைல வழக்கம் போல புல்லு போடுங்க, அவளுக்கு பிடிச்ச கீரை என்னவோ அதையும் ஒரு டப்பால எடுத்துட்டு வாங்க, முழிச்சதும் அதை தான் முதல்ல நீட்டுவேன்"னு. அங்கயே எனக்கு பாதி பயம் போச்சு.

மயக்க மருந்து பத்தியும் மறைக்காம பேசினாங்க. பிரிட்டன்ல 2008ல வந்த ஒரு பெரிய ஆய்வுல மயக்க மருந்து குடுத்ததுல நாய்கள்ல 0.17 சதவீதம், பூனைகள்ல 0.24, முயல்கள்ல 1.39 சதவீதம் செத்துப் போயிருக்கு. அந்த முயல்கள்ல பாதிக்கு மேல செத்தது ஆபரேஷன் டேபிள்ல இல்ல, ஆபரேஷன் முடிஞ்சதுக்கு அப்புறம். இதை நான் படிச்சுட்டு போய் கேட்டதும் டாக்டரம்மா தட்டிக்கழிக்கல, "ஆமாம்மா, அதனால தான் முடிஞ்சதும் உடனே குடுத்து அனுப்ப மாட்டேன், அவ தானா சாப்பிடணும், உடம்பு சூடு சரியா இருக்கணும், அப்புறம் தான் வீட்டுக்கு"ன்னாங்க. எடை போட்டு, ரத்தம் எடுத்து பாத்து, பல்லு, நெஞ்சு எல்லாம் செக் பண்ணிட்டு தான் தேதியே குடுத்தாங்க.

சொன்ன மாதிரியே தான் நடந்துச்சு. காலைல விட்டுட்டு நாங்க வெளில உட்கார்ந்திருந்தோம், அம்மா கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, நடுவுல உதவியாளர் அண்ணா வந்து "முடிஞ்சுதுக்கா, மூச்சு நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு போனாரு. நாங்க கேட்காமலே ஒருத்தர் வந்து சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்னு அந்த நாற்காலில உட்கார்ந்தவங்களுக்கு தான் தெரியும். சாயங்காலம் அவ ரெண்டு கொத்தமல்லி தண்டு கடிச்சதை வீடியோ எடுத்து காமிச்சுட்டு தான் கையில குடுத்தாங்க.

இப்போ முக்கியமான விஷயம், வீட்டுக்கு வந்தப்புறம். சென்னைல முயல் வெச்சிருக்க எல்லாருக்கும் ஏசி, துணி சுத்தின ஐஸ் பாட்டில், தரைல டைல்ஸ்னு ஒரு பழக்கம் இருக்கும், ஏன்னா 30 டிகிரி தாண்டினாலே அதுங்களுக்கு தாங்காது. ஆனா மயக்கம் தெளியற அன்னைக்கு விஷயமே வேற, உடம்பு சூடு இறங்கிடும், "இன்னைக்கு ஏசி வேண்டாம், ஃபேன் மெதுவா போதும், ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பா துணி வைங்க, சூடா இருந்தா அவளே நகர்ந்துப்பா"ன்னு தெளிவா சொல்லி அனுப்பினாங்க. இது சொல்லலைன்னா வெயில்ல வந்த வேகத்துல வழக்கம் போல ஏசியை போட்டிருப்போம்.

அன்னைக்கு ராத்திரி வீட்ல யாரும் தூங்கல. அவ மூலைல குறுகி உட்கார்ந்திருக்கா, புல்லு பக்கமே போகல, தட்டுல புழுக்கை எதுவும் விழல. மணி பதினொன்னுக்கு கிளினிக் நம்பருக்கு வாட்ஸாப் பண்ணேன், காலைல தான் பாப்பாங்கன்னு நினைச்சேன், அஞ்சு நிமிஷத்துல போனே வந்துச்சு. பல்லு கடிக்கற சத்தம் கேக்குதா, காது சில்லுன்னு இருக்கா, வயிறு உப்பியிருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டு, வலி மருந்து அடுத்த டோஸ் எப்போன்னு சொல்லி, சாப்பிடாத முயலுக்கு ஊட்டறதுக்குன்னு குடுத்து விட்ட ஆக்ஸ்போ கிரிட்டிக்கல் கேர் பவுடரை வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு சிரிஞ்சுல குடுக்க சொன்னாங்க. முன்பல்லுக்கு பக்கவாட்டுல ஒரு இடைவெளி இருக்கும், அது வழியா கொஞ்சம் கொஞ்சமா, அவ முழுங்கறதை பாத்து பாத்து குடுக்கணும், நேரா உள்ள பீச்சினா மூச்சுக்குழாய்ல போயிடும். விடியக்காலைல மிளகு அளவுல நாலஞ்சு புழுக்கை போட்டிருந்தா. அம்மா அதை பாத்துட்டு பூஜை ரூம்ல போய் விளக்கேத்திட்டாங்க. போட்டோ எடுத்து டாக்டரம்மாக்கு அனுப்பினேன், "சூப்பர், குடல் வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு, சைஸ் போக போக பெருசாகும்"னு பதில். புழுக்கை போட்டோவுக்கு இப்படி சந்தோஷப்படற டாக்டர் தான் முயலுக்கு வேணும்.

முயலுக்கு வழக்கமா போடற காய்ஞ்ச டிமோத்தி புல்லை அவ தொடவே இல்லன்னு சொன்னதும் அருகம்புல் போட்டு பாக்க சொன்னாங்க. எங்க தெரு பிள்ளையார் கோயில் வாசல்ல பூக்கார அக்காகிட்ட கட்டு கட்டா கிடைக்கும், நல்லா அலசி ஈரம் போக உலர்த்திட்டு போட்டோம், அதை தான் முதல்ல தானா சாப்பிட்டா.

தையல் உள்பக்கமா போட்டிருந்தாங்க, அதனால அவ கடிச்சு பிய்க்க வெளில நூலே இல்ல, கழுத்துல கூம்பும் மாட்டல. முயல் தன்னோட மிருதுவான புழுக்கையை பின்பக்கத்துல இருந்து நேரா வாய் வெச்சு சாப்பிடும், அது அதுங்களுக்கு அவசியமான சத்து, கூம்பு மாட்டினா அதுக்கு வழியில்லாம போயிடும்னு விளக்கினாங்க. மருந்து சீட்டுல பெரிய எழுத்துல "வாய் வழியா அமாக்சிசிலின் எந்த காரணத்துக்கும் குடுக்க வேண்டாம்"னு எழுதியிருந்துச்சு, அந்த ஆன்டிபயாடிக் குடுத்தா குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியா எல்லாம் செத்து உயிருக்கே ஆபத்தாயிடுமாம். மெடிக்கல் ஷாப்ல நாமளே கேட்டு வாங்கற பழக்கம் இருக்குற ஊர்ல இதை எழுதி குடுக்கறது ரொம்ப நல்ல விஷயம்.

குறைன்னு பாத்தா வெயிட்டிங் ஹால். நாய், பூனை, முயல் எல்லாம் ஒரே ரூம், ஒரு லேப்ரடார் குரைச்சதுக்கு பொம்மி கூடைக்குள்ள நடுங்கிட்டா. முயலுக்கு பயமே ஒரு நோய், தயவு செஞ்சு மூலைல ஒரு தடுப்பாவது போடுங்க டாக்டர். பார்க்கிங் சுத்தமா கிடையாது, மழை பெஞ்சா அந்த தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி நிக்கும், நவம்பர் மாசத்துல தேதி வாங்காதீங்க.

காசு விஷயத்துல முன்னாடி சொன்ன தொகை தான் பில்லுல இருந்துச்சு, பவுடரும் வலி மருந்தும் தனியா போட்டு காமிச்சாங்க. சீப்புன்னு சொல்ல மாட்டேன். அவ்வளவு முடியாதவங்க வேப்பேரில இருக்கற, 1903ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில போய் விசாரிங்க, எங்க டாக்டரம்மா படிச்சதும் அங்க தான்.

பொம்மி இப்போ சோபா மேல ஏறி குதிக்கறா, வயித்துல முடி திரும்ப முளைச்சுடுச்சு, கூடு கட்டறது நின்னுடுச்சு. போறவங்க வார நாள்ல காலை முதல் அப்பாயின்ட்மென்ட் கேட்டு வாங்குங்க, அப்போ நாய்க் கூட்டம் கம்மி, ராத்திரிக்குள்ள அவங்க கண் முன்னாடி சாப்பிட வைக்கவும் நேரம் இருக்கும். அடுத்த நாள் ஆபீஸுக்கு லீவு போட்டுடுங்க.