ஹடூப் 3-க்கு மாறிய அனுபவம்

பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து சேமித்துச் செயலாக்கும் மென்பொருள் ஹடூப். பல ஆண்டுகளாக ஹடூப் 2-இல் இயங்கிவந்த எங்கள் கிளஸ்டரை (இணைந்து இயங்கும் கணினித் தொகுப்பை) மூன்றாம் பதிப்புக்கு உயர்த்தியதில் நான் மனதாரப் பாராட்டுவது தொலைந்த தரவை எஞ்சிய துண்டுகளிலிருந்து கணக்கிட்டு மீட்கும் இரேஷர் கோடிங் வசதியைத்தான். ஒவ்வொரு தரவுத் தொகுதியையும் மூன்று பிரதிகளாக வைக்கும் பழைய முறைக்கு 200 சதவீதம் கூடுதல் இடம் தேவைப்பட, ஆறு தரவுத் துண்டுகளோடு மூன்று பாதுகாப்புத் துண்டுகளைச் சேர்க்கும் இம்முறைக்கு 50 சதவீதமே போதும். அவற்றுள் எந்த மூன்று அழிந்தாலும் தரவை மீட்டுவிடலாம். சிறு கோப்புகளுக்கு இது ஏற்றதன்று. பழைய கோப்புகளும் தாமாக மாறிவிடுவதில்லை, அவற்றை மறுபடி எழுதியாக வேண்டும். ஆகவே அரிதாகப் படிக்கப்படும் பதிவுகளை மட்டும் மாற்றினோம், அதுவே சரியான முடிவு என்று இன்றும் கருதுகிறேன்.

எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்ற பட்டியலைப் பேணும் தலைமைச் சேவையகமான நேம்நோடின் இணையப் போர்ட் எண் 50070-இலிருந்து 9870-ஆக மாறியதை எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்டில் திருத்தத் தவறினோம். நலமாக இயங்கிய நேம்நோடு நின்றுவிட்டதாக நள்ளிரவில் எச்சரிக்கை வந்தது.

கிளஸ்டரை நிறுத்தாமல் செய்யும் படிப்படியான மேம்படுத்தலை இறுதி செய்யும்வரை பழைய பதிப்புக்குத் திரும்ப முடிவது பெரும் நிம்மதி. ஆனால் அதுவரை, நீக்கிய தொகுதிகளும் வட்டிலேயே தங்கியிருக்கும் என்பதால், போதிய காலியிடத்தை முன்னதாகவே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.